74 உறுப்பினர், 9 கதிரை: மட்டக்களப்பு இசை மன்றம் ஒன்றில் நடந்தது

பின்னணி

மட்டக்களப்பு நகரத்தை ஒட்டி இயங்கும் ஒரு சிறிய இசை மன்றத்தைப் பற்றியது இது. மன்றத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். 2023 தொடக்கத்தில் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு யாரும் கை உயர்த்தவில்லை, அவ்வளவுதான்.

1990களின் கடைசியில் நான்கைந்து சங்கீத ஆசிரியர்களும் கோயில்களில் தேவாரம் பாடுபவர்கள் சிலரும் சேர்ந்து தொடங்கிய மன்றம். பிரதேச செயலகத்தில் பதிவு, யாப்பு (மன்றத்தின் விதிக்கோவை), போஷகர், நிர்வாக சபை எல்லாம் முறைப்படி இருந்தன. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மாலை 6.30க்கு இரவல் மண்டபம் ஒன்றில் கூட்டம், வருடத்தில் ஒரு கச்சேரி. (கச்சேரிக்குப் போகிறேன் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் அரசாங்க அலுவலகத்துக்குத்தான் போகிறோம் என்று நினைப்பார்கள், அது வேறு கதை.)

இசைக்குப் பஞ்சமான ஊர் இல்லை இது. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போனால் வடமோடி, தென்மோடிக் கூத்து, வசந்தன் ஆட்டம் என்று மத்தளச் சத்தம் கேட்கும். 1892இல் காரைதீவில் பிறந்து 1947இல் பழந்தமிழ் யாழிசையை ஆராயும் யாழ் நூலைத் தந்துவிட்டுப் போன விபுலானந்த அடிகளின் படம் எங்கள் மண்டபச் சுவரிலும் தொங்குகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்து யாழ் நூலைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார், அதற்குள் பாடுவதற்கான நேரம் போய்விடும்.

2020இல் கொரோனாவோடு கூட்டங்கள் நின்றன. திரும்பத் தொடங்கிக் கொஞ்சம் மூச்சு விடும்போது 2022 வந்தது. மின்வெட்டு, எரிபொருள் வரிசை, கியூஆர் பங்கீட்டு முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5 லீட்டர். அதில் யார் சங்கீதக் கூட்டத்துக்கு வருவார்கள்? ஆகவே 2022 முழுவதும் ஆட்கள் வராததற்கு எங்களிடம் நல்ல காரணம் இருந்தது. சிக்கல் 2023இல்தான் வெளியே தெரிந்தது. பெற்றோல் வந்துவிட்டது, ஆட்கள் வரவில்லை.

வரவுப் பதிவேட்டில் இருந்தது

பொறுப்பெடுத்ததும் பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கினேன். உறுப்பினர் பட்டியலில் 74 பெயர். 2023இன் முதல் மூன்று கூட்டங்களுக்கு வந்தவர்கள் 9, 11, 9. பொதுக் கூட்டத்துக்கு யாப்பு கேட்கும் கோரம், அதாவது ஆகக் குறைந்த வரவு, 25. அதாவது சட்டப்படி எதையும் முடிவெடுக்கவே ஏலாத நிலை. முந்தைய வருடாந்தக் கூட்டத்துக்கு 25 கையொப்பம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதே மரியாதை.

ஆனால் கொரோனாவுக்கு முந்தைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் முதல் உறைப்பு. 2018, 2019இலும் வரவு 15ஐத் தாண்டியது மிகக் குறைவு. நோயும் நெருக்கடியும் கெடுத்தது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது பாதிதான் உண்மை. இன்னொன்று, எல்லா வருடமும் நவம்பர், டிசம்பரில் ஒரு சரிவு, மாசி பங்குனியில் இன்னொரு சரிவு. முதலாவது மழை வெள்ளம், இரண்டாவது பெரும்போக அறுவடை. வயலோடு தொடர்புள்ள குடும்பங்கள் பட்டியலில் எத்தனை என்று நிர்வாக சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நகரத்தில் இருந்துகொண்டு எல்லாரையும் சம்பளக்காரர் என்று நினைத்திருக்கிறோம்.

பட்டியலிலும் ஒரு பொய் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெயர்கள், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திய காலத்தில் ரீச்சர் சொன்னதால் சேர்ந்த பெற்றோர். பிள்ளை அந்தப் பரீட்சையில் ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ முடித்ததும், அல்லது இடையில் பள்ளிக்கூடத்து உயர்தரப் பரீட்சை வந்து பாட்டு நின்றதும், அவர்களுடைய வேலை முடிந்துவிட்டது. பெயரை வெட்டினால் மன்றம் சின்னதாகத் தெரியும் என்பதால் யாரும் வெட்டவில்லை.

முதலில் எடுத்த முடிவுகள்

இதையெல்லாம் பார்த்த பிறகும் நாங்கள் செய்தது பழைய வைத்தியம்தான். நானும் அதற்குக் கை உயர்த்தினேன் என்பதை எழுதிவிட வேண்டும்.

மூன்று கூட்டம் தொடர்ந்து வராதவருக்கு 100 ரூபாய் தண்டம். காரணம், யாப்பில் அப்படி ஒரு விதி தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்பிப் பார்ப்போம் என்றார் பொருளாளர். இரண்டு பேர் தண்டத்தைக் கட்டினார்கள், கட்டிவிட்டுத் தொடர்ந்து வராமல் இருந்தார்கள். ஆறு பேர் விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் வீதியில் என்னைக் கண்டு, "பாட்டுப் பாடாததுக்கும் வழக்குப் போடுவியளோ?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது வாட்ஸ்அப் குழு. அதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம், காலை வணக்கப் படங்களும் மரண அறிவித்தல்களும்தான் வந்தன.

மூன்றாவது, வெளியூரில் இருந்து பெயருள்ள பாடகர் ஒருவரை அழைத்துப் பெரிய நிகழ்ச்சி. ஜூனில் நடந்தது. மண்டபம் நிரம்பி ஆட்கள் வெளியே நின்றார்கள், எங்களுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஜூலைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 8 பேர். அதோடு கையிருப்பும் கரைந்தது. அந்த 8 பேரும் மின்விசிறிக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, மக்களுக்கு ரசனை இல்லாமல் போய்விட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். போன மாதம் வெளியே நின்று கேட்டவர்களைப் பற்றித்தான் பேச்சு.

வீடு வீடாக

ஜூலைக் கடைசியில் நானும் நிர்வாக சபையில் இருந்த ஒரு அக்காவும் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம். தண்டம் அறவிட வருகிறோம் என்று நினைத்து இரண்டு வீட்டில் கேற் திறக்கவில்லை. ஆறு கிழமையில் 51 பேரிடம் பேச முடிந்தது. ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது என்று அக்கா முதலே சொல்லிவிட்டார், அப்படிக் கேட்டால் எல்லாரும் நேரமில்லை என்பார்கள். "கடைசியாக எப்போது, எங்கே பாடினீர்கள்?" என்றுதான் கேட்டோம்.

இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் எங்களை உட்கார வைத்தன. மன்றத்துக்கு வராத பெரும்பாலானோர் அந்த மாதமே எங்கேயோ பாடியிருந்தார்கள். கோயில் பஜனை, தேவாலயப் பாடகர் குழு, மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போகும் வழியில் ஓட்டோவுக்குள், பேரப்பிள்ளைக்குத் தாலாட்டு. ஒரு தம்பி தொலைபேசியில் கரோக்கி பாடிப் பதிந்து வைத்திருந்தான், நன்றாகவே பாடியிருந்தான். 'வரவில்லை' என்று நாங்கள் குறித்தவர்களில் பெரும்பாலானோர் வேறு இடத்தில் வரவு.

வராததற்கான காரணங்களும் தானாக வந்தன. வவுணதீவுப் பக்கத்தில் இருந்து வரும் ஒரு ஐயா, "ஏழரைக்கு நீங்க முடிச்சா நான் பாலத்தத் தாண்டிப் போய்ச் சேர ஒம்பது. பொழுதுபட்டா அங்கால யானை. உங்கட ராகத்தக் கேட்டு அது ஒதுங்குமா மனே?" என்றார். சனி மாலை ரியூஷன், அதுவும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீடு என்றால் அப்பா இல்லாவிட்டால் அம்மா கூட்டிக்கொண்டு போய்க் காத்திருக்க வேண்டும். பெண்கள் பலர் இருட்டிய பிறகு தனியே ஓட்டோவில் திரும்பப் பிரியப்படவில்லை. இவை எல்லாம் நேரம் சம்பந்தப்பட்டவை, கொஞ்சம் யோசித்தால் வீட்டில் இருந்தே கண்டுபிடித்திருக்கலாம்.

கண்டுபிடித்திருக்க முடியாதது ஒன்று இருந்தது. கல்லடியில் ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர் ஒருவர், மன்றத்தில் தொடக்கத்தில் இருந்து உறுப்பினர், நான்கு வருடமாக வருவதில்லை. பிளேன்டீ தந்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "நான் பாடுற சுருதி அங்க ஒருக்காலும் வெச்சதில்லகா. வாயசைச்சுப்போட்டு வாறதுக்கு எதுக்கு ஓட்டோக் காசு?"

சுருதி

மன்றத்தில் ஒரு மின் சுருதிப் பெட்டி, பாட்டுக்கு ஆதாரமான சுருதியை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். அது எப்போதும் ஒன்றரைக் கட்டையில் நிற்கும் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதியும் உயரும்). முன்னால் உட்கார்ந்து பாடும் மூத்த வித்துவானுடைய சுருதி அது. மிருதங்கமும் அதற்குத்தான் சேர்த்திருக்கும். கூட்டுப் பாடல் என்று அறிவித்தாலும் பெட்டியை யாரும் திருப்புவதில்லை.

பெண்களுக்கு வசதியான சுருதி பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஒன்றரையில் அவர்கள் பாட வேண்டுமென்றால் இரண்டு வழிதான். மேலே எடுத்தால் தாரஸ்தாயிப் பஞ்சமத்தில் கத்த வேண்டும், கீழே எடுத்தால் மத்திய ஸ்தாயி ஷட்ஜமமே தொண்டைக்குள் விழுந்து காற்றுத்தான் வரும். அதனால் இருபது வருடமாக மண்டபத்தின் ஒரு பக்கம் மெல்ல மெல்ல மௌனமாகியிருக்கிறது. பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று கூட்டறிக்கையில் ஓரிடத்தில் எழுதியும் வைத்திருக்கிறோம். எனக்கும் சங்கீதம் ஓரளவு தெரியும், அந்த மண்டபத்தில் நானும் இருந்தேன், ஒருநாளும் காதில் படவில்லை. என் சுருதி ஒன்று.

ரீச்சர் வீட்டு விறாந்தையிலேயே தொலைபேசியில் ஐந்து கட்டை வைத்துப் பார்த்தோம். அக்கா முதல் தடவையாக முழுக்குரலில் பாடியதை நான் அன்றுதான் கேட்டேன். எட்டு வருடமாக ஒரே நிர்வாக சபையில் இருக்கிறோம்.

செப்டம்பர் முடிவுகள்

கூட்ட நாளைப் போயா தினத்துக்கு, அதாவது பூரணை நாளுக்கு மாற்றினோம், காலை 9 மணி. அரசாங்க விடுமுறை, எங்கள் பக்கத்து ரியூஷன் நிலையங்களும் பெரும்பாலும் பூட்டு, வெளிச்சத்தில் வந்து வெளிச்சத்தில் போகலாம், படுவான்கரை ஆட்கள் சந்தைக்கும் சேர்த்து வருவார்கள். தண்டத்தை நீக்கினோம். பட்டியலை இரண்டாகப் பிரித்தோம், பாடுபவர்கள் ஒரு பக்கம், ஆதரவு தருபவர்கள் ஒரு பக்கம். ஆதரவு தருபவர்கள் வராவிட்டால் குறை இல்லை. மேடையையும் ஒலிவாங்கியையும் கதிரைகளையும் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம், முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் கதிரை. உரை கிடையாது, விபுலானந்தர் சுவரில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று ஒருவர் சொன்னதை எல்லாரும் சிரித்து ஏற்றுக்கொண்டோம்.

முக்கியமானது சுருதி. முதல் ஒரு மணி நேரம் ஐந்து கட்டை, தேநீருக்குப் பிறகு ஒன்றரை. பதிவேட்டில் வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, வாய் திறந்தாரா என்று குறித்தோம். யார் பாடினார் என்பதை எண்ணாமல் யார் வந்தார் என்று மட்டும் எண்ணியதால்தானே இவ்வளவு காலம் ஒன்றும் தெரியாமல் இருந்தோம். சிலருக்கு இது பள்ளிக்கூடப் புள்ளி போலப் பட்டது, இரண்டு மாதத்தில் அந்தக் கட்டத்தை இரகசியமாக நானே வீட்டில் வந்து நிரப்பத் தொடங்கினேன்.

பிறகு நடந்தது

செப்டம்பர் போயாவுக்கு 17 பேர் வந்தார்கள், 13 பேர் பாடினார்கள். முந்தைய கணக்கில் பாடியது மூன்று அல்லது நான்கு பேர்தான் என்று நினைவை வைத்துச் சொல்ல முடியும். ரீச்சர் வந்தார், தன்னிடம் படித்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதே நாளில் மிருதங்க மாஸ்டர் போய்விட்டார். அவரிடம் இருப்பது பெரிய மிருதங்கம், தக்குச் சுருதிக்கு, அதாவது தாழ்ந்த சுருதிக்குக் கட்டியது. அதை ஒன்றரையில் இருந்து கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம், ஐந்துக்குக் கொண்டுபோனால் தோல் தாங்காது. அதற்குச் சின்ன மிருதங்கம் வேறாக வேண்டும், அது அவரிடமும் இல்லை, மன்றத்திடமும் இல்லை. முதல் ஒரு மணி நேரம் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தேநீர் இடைவேளையில் மிருதங்கத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு, "நான் இனித் தேவையில்லத்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மன்றம் தொடங்கிய நாளில் இருந்து வந்தவர். நிகழ்ச்சி நிரலை மாற்றும்போது அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூத்த வித்துவானும் இரண்டு மாதம் வரவில்லை, பிறகு வந்தார், வந்து பின்னால் உட்கார்ந்தார்.

நவம்பரில் 11, டிசம்பரில் மழையோடு 7. இந்தத் தடவை யாரும் பதறவில்லை. பெப்ரவரிப் போயாவுக்கு 24 பேர், அறுவடைக் காலத்திலும் ஏன் அவ்வளவு என்று பார்த்தால் நகரத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள், வயற்காரர்கள் வழக்கம்போல இல்லை.

2024 மே மாதம் வெசாக் போயாவுக்கு நான்கு பேர். நானும் பொருளாளரும் அதில் அடக்கம். எனக்குக் கோபமே வந்துவிட்டது, பிறகுதான் மண்டையில் உறைத்தது. வைகாசிப் பூரணையை ஒட்டித்தான் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும், அம்மனைக் குளிரச் செய்யும் குளிர்த்தி பாடும் காலம். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த ஒருவன் வைகாசிப் பூரணையில் கூட்டம் வைத்துவிட்டு ஆட்கள் வரவில்லை என்று கோபப்படுவதை என்னவென்று சொல்வது? போயாவை விடுமுறை என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

பொருளாளர்தான், பூட்டிவிட்டு நாங்களும் கோயிலுக்குப் போவோம் என்றார். போனோம். எங்கள் உறுப்பினர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே நின்றார்கள். யானை பற்றிச் சொன்ன வவுணதீவு ஐயாதான் அங்கே உடுக்கைக்குப் பக்கத்தில் நின்று காவியம் பாடுபவர்களில் ஒருவர். மன்றப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'பாடத் தெரியாதவர், ரசிகர்' என்று யாரோ எப்போதோ எழுதியிருந்தார்கள்.

அங்கேயும் ஒரு பிழை விட்டேன். அதைத் தொலைபேசியில் பதியப் போக, ஒரு பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். கண்ட நேரத்தில் கண்ட இடத்தில் கேட்கும் பாட்டு இல்லை அது என்றார். மன்றத்துக்கு வந்து பாடச் சொல்லி ஐயாவிடம் கேட்கலாம் என்று இருந்த எண்ணத்தையும் அத்தோடு விட்டேன். ஐயா ஜூலையில் தானாக வந்து ஒரு வசந்தன் பாட்டுப் பாடினார், எதை மன்றத்தில் பாடலாம், எதைப் பாடக்கூடாது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

2024 நடுப்பகுதிக்குப் பிறகு நல்ல மாதங்களில் 25க்கும் 30க்கும் இடையில் வருகிறார்கள். சந்தா வருமானம் குறைந்தது. ஆதரவு உறுப்பினர்களில் பாதிப் பேர் தருவதில்லை. அந்த வருடக் கச்சேரிக்கு வெளியாளை அழைக்கவில்லை, உறுப்பினர்களே பாடினார்கள். மண்டபம் பாதிதான் நிரம்பியது. போஷகருக்கு அது பிடிக்கவில்லை, மன்றத்தின் தரம் இறங்கிவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். பாட்டின் தரத்தை மட்டும் எடுத்தால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது.

திரும்பச் செய்வதானால்

வீடுகளுக்குப் போவதை ஜனவரியிலேயே செய்திருப்பேன், தண்டத்துக்கும் பெரிய நிகழ்ச்சிக்கும் முன்னால். அந்த ஆறு மாதத்தில் போனது காசு மட்டும் இல்லை, விலகிய ஆறு பேரில் ஒருவர்தான் திரும்பினார்.

போயா அட்டவணையை வருடத் தொடக்கத்தில் கோயில் திருவிழா, சடங்கு, அறுவடை எல்லாவற்றோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வருடத்துக்கு எட்டுக் கூட்டம் போதும் என்று முதலே முடிவெடுத்திருப்பேன். பன்னிரண்டு என்பது யாப்பில் இருந்த எண், யாருடைய வசதிக்கு என்று தெரியாது. இந்தத் திருத்தத்தையும் கோரத்தை 15 ஆக்குவதையும் அடுத்த பொதுக் கூட்டத்துக்குப் பிரேரணையாகக் கொடுத்திருக்கிறோம்.

சுருதி விடயத்தில் நான் அவசரப்பட்டேன். ஒன்றரையா ஐந்தா என்று இரண்டாக வெட்டியதில் மண்டபமும் இரண்டாகியது, ஒரு பாதி பாடும்போது மறுபாதி தேநீர் குடித்தது. மார்ச் மாதம் ரீச்சர்தான் வேறு வழி சொன்னார். புன்னாகவராளி, செஞ்சுருட்டி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்களை மத்திம சுருதியில் பாடுவது வழக்கம்தானே, மத்திமத்தையே (ம) ஷட்ஜமமாக (ஸ) எடுத்துக்கொண்டு. பெட்டி ஒன்றரையில் இருக்கும்போது அந்த மத்திமம் நாலரைக் கட்டையில் வந்து நிற்கும். பெண்களுக்கு அது வசதியான இடத்துக்கு மிகப் பக்கம், ஆண்களும் பாடலாம், ஏனென்றால் இந்த ராகங்கள் அதிகம் மேலே ஏறுவதில்லை. காவடிச்சிந்து மெட்டுகள், கும்மி, தாலாட்டு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பாட்டில் கணிசமானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். இப்போது ஒவ்வொரு கூட்டமும் அப்படித்தான் தொடங்குகிறது, எல்லாரும் சேர்ந்து, பெட்டியின் கட்டையை மாற்றாமலே.

மிருதங்கத்தையும் தொடத் தேவையில்லை. ரீச்சரிடம் செப்டம்பருக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் மாஸ்டர் தன் இடத்தில் இருந்திருப்பார். இதைச் சொல்ல ஏப்ரலில் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டார், தலையாட்டினார், தேத்தண்ணி தந்தார். அடுத்த கூட்டத்துக்குத் தன் மாணவன் ஒருவனை அனுப்பினார். தான் வரவில்லை.